பொங்கலுக்கு வந்தவர்கள் போன பிறகு

தை 4-ம் நாள் சாயங்காலம் திருநெல்வேலி வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்துக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் பேருந்துகளைச் சுற்றிக் கூட்டம். ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு சாக்கு மூட்டை, ஒரு கட்டைப்பை. மூட்டையில் அரிசி, பையில் அவித்த பனங்கிழங்கு, கொஞ்சம் சிறுகிழங்கு, மிச்சமிருந்த மஞ்சள் குலை. பேருந்து கிளம்பும்வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள்.

"போய்ச் சேந்ததும் போன் போடுய்யா."

"சரிம்மா. நீங்க இருட்டுமுன்ன ஊருக்குப் போங்க."

அவ்வளவுதான் பேச்சு. பேருந்து நகர்ந்ததும் அவர்கள் டவுன் பஸ் நிற்கும் பக்கம் நடக்கிறார்கள். ரயில் நிலையத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பும் நேரத்திலும் இதே கதைதான்.

மறுநாள் காலையில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை பக்கத்துத் தெருக்களில் நடந்தால் வித்தியாசம் தெரியும். நான்கு நாள்களாக வண்டி விட இடமில்லாமல் இருந்த தெருவில் இப்போது ஒரு நாய் படுத்திருக்கும். வாசல் கோலம் சிறிதாகிவிட்டிருக்கும். முற்றத்து மூலையில் கரும்புச் சக்கை கிடக்கும். பொங்கல் வைத்த கட்டிகளில் கரி அப்படியே இருக்கும். வீட்டுக்குள் இரண்டு பேருக்கு மட்டும் சோறு வேகும். அந்த இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த நாள்களுக்குத் தனியாகப் பெயர் எதுவும் இல்லை. "மனசு ஒரு மாதிரி இருக்கு", "கை வேலையே ஓடல", "வீடு வெறிச்சுன்னு கிடக்கு" என்று சொல்வார்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்பார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகியும் விடுகிறது. ஆனால் அந்த ஒரு வாரமும், அதற்கு அடுத்த வாரமும் தாமிரபரணிப் பாசனத்தில் பயிர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மிக முக்கியமான நாள்கள்.

கையில் காசு வருமுன் வரும் பொங்கல்

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர் நீளம்தான். அதற்குள் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று 8 அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து 11 கால்வாய்கள் பிரிந்து சுமார் 86 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. ஜூனில் தொடங்குவது கார். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித் தொடங்குவது பிசானம்.

பொங்கல் என்றால் அறுவடைத் திருநாள் என்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோம். காவிரிப் பாசனத்தில் சம்பா அறுவடை தையை ஒட்டி வருவதால் அங்கே அது சரியாகப் பொருந்துகிறது. தாமிரபரணிக் கரையில் கதை வேறு. இங்கே பிசான நெல் நாற்றங்காலை விட்டு நடவுக்கு வருவதே பெரும்பாலும் கார்த்திகையில். தை முதல் நாளில் வயல் பச்சையாகத்தான் நிற்கும். சில வயலில் தூர் கட்டி முடிந்திருக்கும், சில வயலில் பொதி தள்ளியிருக்கும். அறுவடை மாசி, பங்குனியில். பொங்கல் பானையில் வேகும் பச்சரிசி கார் நெல்லாகவோ கடை அரிசியாகவோதான் இருக்கும்.

இதை யோசித்துப் பார்த்தால், பொங்கல் முடிந்ததும் இந்தப் பள்ளத்தாக்கில் மனம் கூடுதலாகக் கனக்க ஒரு காரணம் புரியும். மகளுக்குப் பொங்கல்படி கொடுத்தாயிற்று. அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, காய்கறி, பித்தளைப் பாத்திரம், சேலை. பேரப் பிள்ளைகளுக்குத் துணி, வந்தவர்களுக்கு நான்கு நாள் கறிச் செலவு. மார்கழியிலேயே உரத்துக்கும் களையெடுப்புக்கும் பணம் போயிருக்கும். நெல் விற்ற பணம் கைக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். வந்தவர்கள் போன மறுநாள் காலையில் வீட்டில் ஆளும் இல்லை, பையில் காசும் இல்லை.

ஆக, இது மூன்று வெறுமைகள் ஒன்றாகச் சேர்வது. சத்தம் நின்ற வெறுமை, வேலை குறைந்த வெறுமை, பணம் தீர்ந்த வெறுமை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு "வயசாயிட்டு, இனி என்ன இருக்கு" என்று முடிவுகட்டுவதுதான் தவறு. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருக்கிறது.

இது இந்துக் குடும்பங்களுக்கு மட்டும் உள்ளதும் அல்ல. 1826-ல் எழும்பிய பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம் ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் டிசம்பர் முழுவதும் நட்சத்திர விளக்குகள் எரியும். கிறிஸ்துமஸுக்கு வந்த பிள்ளைகள் புத்தாண்டு ஆராதனை முடிந்து கிளம்புவார்கள். நட்சத்திரத்தைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைக்கும் அன்று அந்த வீட்டிலும் இதே அமைதிதான். மார்கழி தொடங்கி தை வரை பண்டிகை மேல் பண்டிகையாக வருவதால், இறங்கும்போது பள்ளமும் ஆழமாகத் தெரிகிறது.

ஒன்பது நாள் வயலுக்குப் போகாத பெரியவர்

சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு வீடு. பெயர் வேண்டாம். இரண்டு ஏக்கர் நெல், அரை ஏக்கர் வாழை. பெரியவருக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல். மகன் குடும்பம் சென்னையில், மகள் குடும்பம் மும்பையில். அந்த வருஷம் இரண்டு குடும்பமும் ஒன்றாக வந்தன. ஐந்து பேரப் பிள்ளைகள். வயலுக்குப் போய் வாய்க்காலில் குளித்தார்கள், மாட்டுக்கு வர்ணம் பூசினார்கள், தாத்தாவின் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டி போட்டார்கள். பெரியவர் நான்கு நாளும் சிரித்த முகமாகவே இருந்தார்.

அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்த மறுநாள் அவர் வயலுக்குப் போகவில்லை. திண்ணையில் படுத்துக்கொண்டார். "அலுப்பா இருக்கு" என்றார். அதற்கு மறுநாளும் அதேதான். காப்பி குடித்தார், சாப்பிட்டேன் என்று பேருக்குச் சாப்பிட்டார். சாயங்காலம் மகன் போன் செய்தால் "எல்லாம் நல்லாருக்குய்யா" என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டார். மனைவியும் முதலில் கண்டுகொள்ளவில்லை. அந்த அம்மாவுக்கும் அதே நிலைதான். அடுக்களையில் நின்றாலும் எதையாவது மறந்துகொண்டே இருந்தார்.

பத்தாம் நாள் காலையில் அடுத்த வயல்காரர் வாசலில் வந்து நின்றார். வயதில் இளையவர்.

"பெரியப்பா, கிழக்கு வரப்போரம் உங்க பயிர்ல இலையெல்லாம் கண்ணு கண்ணா விழுந்திருக்கு. பாத்தியளா?"

"இல்லடே. நாலஞ்சு நாளா அங்கன போகல."

"நாலஞ்சு நாளா? நான் பொங்கலுக்கப்புறம் உங்கள வயல்ல பாக்கவே இல்ல பெரியப்பா."

அப்போதுதான் அவர் எழுந்து போனார். தண்ணீர் தேங்கும் கிழக்குத் துண்டில் குலைநோய் பிடித்திருந்தது. பொங்கலுக்கு முன் அந்தத் துண்டு வெளிறித் தெரிந்ததால் கூடுதலாக ஒரு கை யூரியா போட்டிருந்தார். பகல் வெயிலும் இரவுக் குளிரும் விடியற்காலைப் பனியும் சேர்ந்து மிச்ச வேலையைப் பார்த்துவிட்டன. மற்ற இடத்துக்குப் பரவாமல் தடுத்துவிட்டார். ஆனால் அந்தத் துண்டில் கதிர் வெளிவந்தபோது கழுத்துப் பகுதி கறுத்து, பாதி மணி பதராகப் போனது. அறுவடையில் நான்கு மூட்டை குறைந்தது.

மூட்டை போனதைவிட ஒரு கேள்விதான் அவரை அதிகம் வருத்தியது. நாற்பது வருஷமாகக் காலையில் எழுந்ததும் வயலைப் பார்க்கும் ஆள், ஒன்பது நாள் பார்க்காமல் எப்படி இருந்தோம் என்பதுதான் அது.

மனம் சோர்ந்தால் உடம்பு எழாது. உடம்பு எழாவிட்டால் மனம் இன்னும் சோரும். இது ஒரு சுற்று. மனநல மருத்துவர்கள் இந்தச் சுற்றை அறுக்கச் சொல்லும் வழி எளிமையானது. மனம் சரியாகட்டும், பிறகு வேலைக்குப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. முதலில் சிறிய வேலையாக ஒன்றைத் தொடங்கவேண்டும், மனம் பின்னால் வரும். இதை ஒரு சிகிச்சை முறையாகவே பயன்படுத்துகிறார்கள். விவசாயிக்கு அந்தச் சிறிய வேலை ஏற்கெனவே வீட்டுக்கு வெளியே காத்திருக்கிறது.

நெல்லுக்கு வேலி போட்ட ஊர்

இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். வேதசர்மா என்ற பக்தர் இறைவனுக்குப் படைக்க நெல்லைக் காயப்போட்டுவிட்டுத் தாமிரபரணிக்குக் குளிக்கப் போனார். மழை கொட்டியது. பதறிக்கொண்டு ஓடிவந்து பார்த்தால் சுற்றிலும் வெள்ளம், நெல் மட்டும் வேலி கட்டியதுபோல நனையாமல் இருந்தது. நெல்லுக்கு வேலி போட்டதால் திருநெல்வேலி என்று தலவரலாறு சொல்கிறது.

இந்தத் திருவிளையாடலை நெல்லையப்பர் கோயிலில் நடத்திக் காட்டுவது தை மாதத்தில்தான், தைப்பூசத் திருவிழா நாள்களில். தைப்பூசத்தன்று சுவாமி தாமிரபரணிக் கரையில் உள்ள தைப்பூச மண்டபத்துக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி நடக்கும். அதே மாதத்தில் தை அமாவாசை அன்று கோயிலில் பத்ர தீபம் ஏற்றுவார்கள். பாபநாசம் படித்துறையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் கூடும்.

பொங்கலோடு தை முடிந்துவிடுவதில்லை என்பதை இவை நினைவுபடுத்துகின்றன. பயிர் கதிர் வாங்கும் நேரத்தில் நெல்லுக்குக் காவல் தேவை என்பதை ஊர் வருஷந்தோறும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல இருக்கிறது. "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்ற பழமொழியை எல்லோரும் சொல்கிறோம். பிறந்த வழியில் நடக்கவேண்டியது முதல் நாளோடு முடிவதில்லை, மீதி நாள்களில்தான் இருக்கிறது.

சிறுவீடு: ஒரேயடியாக இறங்காமல் படிப்படியாக

இதே பள்ளத்தாக்கில் இன்னொரு வழக்கம் உண்டு. இப்போது குறைந்து வருகிறது. சிறுவீட்டுப் பொங்கல்.

மார்கழி முழுவதும் பெண்பிள்ளைகள் வாசல் கோலத்தில் சாணிப் பிள்ளையார் பிடித்து வைத்து, அதில் பூசணிப்பூ செருகுவார்கள். பூசணி கிடைக்காத நாளில் பீர்க்கம்பூவோ செம்பருத்தியோ. பூ வாடியதும் எறிவதில்லை. அந்தச் சாணியோடு சேர்த்துச் சிறு வறட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்த்து வைப்பார்கள். வீட்டு முற்றத்தில் களிமண்ணால் ஒரு குட்டி வீடு கட்டிக் கொடுப்பார்கள். அதற்கு வாசல், அறை, அடுக்களை எல்லாம் உண்டு.

பெரிய பொங்கல் முடிந்து சில நாள் கழித்து, தையிலேயே ஒரு நாள் அந்தச் சிறுவீட்டின் முன் சின்னப் பானையில் பொங்கல் வைப்பார்கள். சில ஊரில் தைப்பூசத்தன்று, சில ஊரில் தையின் வேறொரு நாள். ஊருக்கு ஊர் நாள் மாறும். குலவையிட்டுப் படைத்த பிறகு, சேர்த்து வைத்த பூ வறட்டியையும் கொஞ்சம் பொங்கலையும் சூடம் ஏற்றி, ஆற்றிலோ வாய்க்காலிலோ குளத்திலோ மிதக்கவிடுவார்கள். மார்கழி மாதம் முழுக்கச் சேர்த்தது தண்ணீரோடு போகும். பிள்ளைகள் கரையில் நின்று அது கண்ணுக்கு மறையும்வரை பார்ப்பார்கள்.

இந்த வழக்கத்தை ஏற்படுத்திய பெரியவர்கள் என்ன நினைத்துச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதனால் நடக்கும் ஒரு நன்மை கண்ணுக்குத் தெரிகிறது. பண்டிகை ஒரே நாளில் அறுந்துபோவதில்லை. பெரிய பொங்கலுக்குப் பிறகு ஒரு சின்னப் பொங்கல் காத்திருக்கிறது. அதற்கும் ஆயத்த வேலை இருக்கிறது. வீட்டில் பிள்ளை இல்லாவிட்டாலும் தெருப் பிள்ளைகள் கூடுவார்கள். கடைசியில் ஒரு மாதத்தின் சந்தோஷத்தைக் கையாலேயே எடுத்து ஆற்றில் அனுப்பிவைக்கிறோம். முடிவு தானாக வந்து நம்மைத் தள்ளுவதில்லை.

மேலே சொன்ன பெரியவர் வீட்டில் அடுத்த வருஷம் இதைத்தான் செய்தார்கள். யோசனை அந்த அம்மாவுடையது. மார்கழியில் தானே தினமும் பூ வைத்து வறட்டி தட்டி எடுத்து வைத்தார். பொங்கலுக்கு வந்த பேத்திகள் தாத்தாவோடு சேர்ந்து முற்றத்தில் சிறுவீடு கட்டினார்கள். கட்டி முடிக்குமுன் கிளம்பும் நாள் வந்துவிட்டது. கடைசிப் பேத்தி அழுதாள்.

"ஆச்சி, நான் போனப்புறம் வீட்ட இடிச்சிருவீங்களா?"

"எதுக்குடி இடிக்க? தாத்தா அடுக்களை கட்டுவாவ. பூசத்தன்னைக்குப் பொங்கல் வைப்போம். நீ போன்ல பாரு."

அந்த வருஷம் பேருந்து நிலையத்திலிருந்து திரும்பி வந்த பெரியவருக்கு மறுநாள் காலையிலேயே ஒரு வேலை இருந்தது. சிறுவீட்டுக்கு மண் வேண்டும். மண் எடுக்க வாய்க்கால் கரைக்குப் போகவேண்டும். வாய்க்கால் கரைக்குப் போனவர் வயலைப் பார்க்காமல் திரும்புவாரா?

கதிர் வரும் நாள்களில் பார்க்கவேண்டியவை

வயலுக்குப் போவது மனதுக்கு நல்லது என்பதோடு, தையின் இரண்டாம் பாதியில் பிசான நெல்லில் கட்டாயம் பார்க்கவேண்டியவையும் உண்டு.

தண்ணீர்: கதிர் உருவாவதிலிருந்து பூக்கும்வரை வயல் காயக் கூடாது. சுமார் 5 செ.மீ., அதாவது இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கட்டும். கால்வாயில் முறை வைத்து விடும்போது நம் முறை வரும் நாளில் மடையில் ஆள் இருக்கவேண்டும். அறுவடைக்கு 10 முதல் 15 நாள் முன் தண்ணீரை வடித்துவிட்டால் மணி ஒரே சீராக முற்றும், இயந்திரம் இறங்கவும் வசதி.

குலைநோய்: இலையில் இரு முனையும் கூர்மையாக, நடுவில் சாம்பல் நிறமாக, கண் வடிவப் புள்ளிகள் தெரிந்தால் தழைச்சத்து உரத்தை உடனே நிறுத்துங்கள். வரப்புப் புல்லைச் சுத்தம் செய்யுங்கள். சூடோமோனாஸ் புளோரசன்ஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் கலந்து, நடவு செய்த 45-ம் நாளிலிருந்து 10 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளித்தால் நோய் வராமல் தடுக்கும். நோய் பரவிவிட்டால் பாதித்த இலையோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய், பரிந்துரைக்கும் மருந்தைச் சொன்ன அளவில் மட்டும் பயன்படுத்துங்கள்.

கதிர்நாவாய்ப்பூச்சி: பால் பிடிக்கும் பருவத்தில் வயலில் இறங்கினால் ஒரு வீச்சம் அடிக்கும். காலையிலும் மாலையிலும் கதிரில் பூச்சி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராகத் தண்ணீர் சேர்த்துத் தெளிக்கலாம். கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்தால் ஒட்டும்.

இந்தப் பள்ளத்தாக்குக்கு நெல் புதிதல்ல. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-ல் தொடங்கியது. அங்கிருந்து 1986-ல் வந்த அம்பை 16 இன்றும் இங்கே விவசாயிகள் விரும்பும் ரகம். ரகம் எதுவானாலும் கதிர் வரும் நேரத்தில் தினமும் ஒரு முறை வரப்பில் நடக்கும் காலுக்கு ஈடான மருந்து இல்லை.

வாசகர்கள் கேட்பது: "பொங்கல் முடிஞ்சதும் வேலையே ஓடல, என்ன செய்யலாம்?"

பல குடும்பங்களில் இந்தக் கேள்வி இருக்கிறது. செய்துபார்க்கக்கூடிய சில வழிகள்:

1. பிள்ளைகள் கிளம்பும் மறுநாளுக்கு என்று ஒரு வேலையை முன்பே ஒதுக்கி வையுங்கள். பெரிய வேலை வேண்டாம். மடை பார்ப்பது, தொழுவத்தைச் சுத்தம் செய்வது, வாழைக்கு முட்டுக் கொடுப்பது என்று ஏதாவது ஒன்று.

2. முதல் மூன்று நாள் சமையலைத் தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்து வீட்டிலும் இரண்டு பேர்தான் இருப்பார்கள். குழம்பு ஒரு வீட்டில், கூட்டு இன்னொரு வீட்டில் என்று மாற்றிக்கொள்ளலாம்.

3. பொங்கல் செலவை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எழுதாத கடன் எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனின் கெடு தேதியை அதே தாளில் குறித்து வையுங்கள். உரிய காலத்தில் கட்டினால் வட்டி இல்லை.

4. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு: போய்ச் சேர்ந்ததும் ஒரு போன், பிறகு பத்து நாள் மௌனம் என்று இருக்காதீர்கள். முதல் வாரம் தினமும் ஐந்து நிமிஷம் பேசுங்கள். "சாப்டீங்களா" என்று மட்டும் கேட்காமல், "இன்னைக்கு வயல் எப்படி இருந்தது, ஒரு போட்டோ அனுப்புங்கப்பா" என்று கேளுங்கள். போட்டோ எடுக்கவாவது அப்பா வயலுக்குப் போவார்.

5. ஊர்ப் பொது வேலை ஒன்றில் சேருங்கள். இந்தப் பகுதிக் குளங்களில் 2011 முதல் வருஷந்தோறும் தையில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கல்லூரி மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் குளக்கரைக்கு வருவார்கள். உள்ளூர்க் குளத்தைப் பற்றி உள்ளூர்ப் பெரியவரைவிட யாருக்கு அதிகம் தெரியும்? நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்தில் இந்த நாள்களில் பறவைகள் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. பேரப் பிள்ளைகள் போன வீட்டுக்காரர்கள் ஒரு காலை அங்கே போய் வரலாம்.

6. குடிப் பழக்கம் உள்ளவர்கள் பண்டிகைக்குத் தொடங்கியதைப் பண்டிகையோடு நிறுத்துவது முக்கியம். தனிமையில் குடிப்பது சோர்வைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

எப்போது உதவி கேட்கவேண்டும்?

ஒரு வாரம் மனம் கனப்பது இயல்பு. ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் விருப்பம் இல்லை, பேச்சு குறைந்துவிட்டது, "நான் இருந்து என்ன" என்ற வார்த்தை வருகிறது என்றால், அது பொங்கல் அலுப்பு அல்ல. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதுபோல இதற்கும் போகவேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கட்டணமில்லாத டெலிமானஸ் எண் 14416-ல் இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு வேலையை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள். வீட்டில் மூலையிலும் பரணிலும் கிடக்கும் பூச்சிமருந்துப் புட்டிகளை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். சாவி வீட்டில் திடமாக இருப்பவர் கையில் இருக்கட்டும். மனம் தளர்ந்த ஒரு நிமிஷத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆறு சொல்லும் கணக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரைபுரண்டது. பிசான வயல்களிலும் வாழைத் தோட்டங்களிலும் வெள்ளம் புகுந்து மணலை விட்டுப் போனது. ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் பொங்கல் வந்தது. வந்த பிள்ளைகள் வீட்டையும் வயலையும் பார்த்துக் கண்கலங்கித் திரும்பினார்கள். அந்த வருஷம் அவர்கள் போன பிறகு இருந்த அமைதி மற்ற வருஷத்து அமைதியைப் போன்றது அல்ல. ஆனாலும் மணலை அள்ளினார்கள், வரப்பு கட்டினார்கள். அடுத்த காருக்கு மீண்டும் நாற்றங்கால் போட்டார்கள்.

சிறுவீடு கட்டிய அந்த வீட்டில் தைப்பூசத்தன்று சாயங்காலம் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். சின்னப் பானை பொங்கியது. அந்த அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் குலவையிட்டார்கள். பிறகு எல்லோரும் கன்னடியன் கால்வாய்க்கு நடந்தார்கள். பெரியவர் போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். பூ வறட்டியில் சூடம் ஏற்றி விட்டார்கள். அது ஆடிக்கொண்டே கிழக்கே போனது.

போனுக்குள்ளிருந்து பேத்தி கேட்டாள், "தாத்தா, அது எங்க போகும்?"

"நம்ம வயல் பக்கமாத்தாம்மா போகும். இரு, காட்டுதேன்" என்று சொல்லிவிட்டு அவர் வரப்பில் இறங்கி நடந்தார். போனைக் கதிர்ப் பக்கம் திருப்பினார். கிழக்குத் துண்டில் பயிர் பச்சையாக, நோயில்லாமல் நின்றது. பொதியிலிருந்து கதிர் அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.